'தளம் திறக்கவில்லை' என்பது சாக்குப்போக்கா?



"ஐயா, நீங்கள் கொடுத்த தளம் எங்கள் வீட்டுக் கணினியில் திறக்கவில்லை." இணையவழி வீட்டுப்பாடம் கொடுக்கும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. "விளையாட்டுத் தளம் மட்டும் எப்படித் திறக்கிறது?" என்று நம்மில் பலர் உடனே கேட்டுவிடுகிறோம். மாணவன் தலைகுனிந்து நிற்கிறான். அவன் சொன்னது முழு உண்மையாகவும் இருக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஒரு கணினியில் சில தளங்கள் திறந்து, சில திறக்காமல் போவது வியப்பன்று. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பெயரும் ஓர் எண்முகவரியும் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். எண் கிடைத்த பின்னர், பாதுகாப்பான தளம் தன் சான்றிதழைக் காட்டும். அது காலாவதியாகிவிட்டதா என்று கணினி தன் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்க்கும். இவற்றுள் ஓரிடத்தில் தடை ஏற்பட்டாலும் தளம் திறக்காது.

பழைய கணினியின் உள்ளே இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துவிட்டால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். உடனே பாதுகாப்பான தளங்கள் பல திறக்க மறுக்கும். 2021 செப்டம்பர் 30ஆம் நாள், 'லெட்ஸ் என்கிரிப்ட்' சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் அச்சான்றிதழை நம்பியிருந்த தளங்கள் மட்டும் நின்றுபோயின. மற்றவை வழக்கம்போல் திறந்தன. 2008ஆம் ஆண்டில் பரவிய 'கான்ஃபிக்கர்' என்னும் நச்சுநிரலோ, நச்சுநிரல் எதிர்ப்பு நிறுவனங்களின் தளங்களைத் தேடித் தேடித் தடுத்தது.

சில வேளைகளில் குறை நம் வீட்டிலேயே இராது. 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் முடங்கின. அன்று வீட்டு மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் விளைந்திராது.

அன்பான பெற்றோர்களே, கணினியைக் கடைக்குத் தூக்கிச் செல்லும் முன்னர் உங்கள் பிள்ளையோடு அமர்ந்து காரணத்தைத் தேடுங்கள். அறிவியல் பாடத்தில் 'மாறிகள்' பற்றி நாம் கற்பிக்கிறோம் அல்லவா? ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்வதே முறை. அதையே இங்கும் செய்யலாம்.

1. அதே கணினியில் வேறோர் உலாவியில் தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் குறை முதல் உலாவியில்தான்.

2. அதே வீட்டு அருகலையில் கைப்பேசியைக் கொண்டு திறந்து பாருங்கள். திறந்தால் குறை கணினியில் இருக்கிறது. தேதி, நேரம், உலாவியின் பதிப்பு, நச்சுநிரல் ஆகியவற்றைச் சோதியுங்கள்.

3. கைப்பேசியில் அருகலையை அணைத்துவிட்டு, அதன் சொந்தத் தரவில் திறந்து பாருங்கள். இப்போது மட்டும் திறந்தால் குறை மோடத்திலோ, இணையச் சேவையிலோ, நீங்களே அமைத்த சிறுவர் பாதுகாப்பு வடிகட்டியிலோ இருக்கலாம்.

4. எதிலும் திறக்கவில்லையா? பெரும்பாலும் அந்தத் தளமே முடங்கியிருக்கும். சற்றுப் பொறுத்திருங்கள்.

ஒவ்வொரு முடிவையும் பிள்ளையே தாளில் எழுதட்டும். எழுதிய தாளோடு கடைக்குப் போனால், "எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவ வேண்டும்" என்ற பேச்சுக்கு உடனே தலையாட்ட வேண்டிய நிலை வராது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சான்றிதழ் சரியில்லை என்று உலாவி எச்சரிக்கும்போது, 'பரவாயில்லை, தொடர்க' என்று அழுத்தப் பிள்ளைகளைப் பழக்காதீர்கள். இன்று பாடத் தளத்தில் பழகும் விரல், நாளை வங்கியின் பெயரால் வரும் போலித் தளத்திலும் அதையே செய்யும்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பிறகு, வீட்டுக் கணினியும் வகுப்பறையின் ஒரு பகுதியாகிவிட்டது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரே கணினி இல்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் நின்றது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. குரோம் உலாவியோ 109ஆம் பதிப்போடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. அண்ணனிடமிருந்தோ மாமாவிடமிருந்தோ வந்த பழைய கணினியில் படிக்கும் பிள்ளைக்கு, நம் மடிக்கணினியில் நொடியில் திறக்கும் தளம் எட்டாக்கனியாகலாம்.

ஆகவே, ஒரு தளத்தைப் பாடமாகக் கொடுக்கும் முன்னர் பழைய கணினி ஒன்றிலும் அதைத் திறந்து பார்ப்போம். திறக்காத பிள்ளைக்கு அதே பயிற்சியை அச்சிட்டுக் கையில் கொடுப்போம். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு முன், "திரையில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்போம். முதல் கேள்வி பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வி காரணத்தைத் தேட வைக்கிறது. எது ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி என்பதை நாமே சிந்திப்போம்.