நரேலாவுக்காகக் கேள்வி கேட்பவர் யார்?

தில்லியில் உழைத்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எந்தக் குறை வந்தாலும் முதலில் நினைவுக்கு வருகிறவர் தொகுதி எம்.எல்.ஏ.தான். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்றாலும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடமில்லை என்றாலும், காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தாலும், நாலு தாய்மார்களும் இரண்டு பெரியவர்களுமாகச் சேர்ந்து அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறோம். "சட்டசபையில் கேட்கிறேன்" என்று அவரும் சொல்லி அனுப்புகிறார். பாதி வேலை முடிந்துவிட்ட நிறைவோடு நாமும் திரும்பி வருகிறோம்.

இந்த மூன்று குறைகளில் ஒன்றுக்கு, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், தில்லிச் சட்டசபையில் விடை வாங்க இயலாது. 1991-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட 69-ஆவது திருத்தம் தில்லிக்கு 70 உறுப்பினர்கள் கொண்ட சட்டசபையைக் கொடுத்தது. கொடுத்த கையாலேயே பொது ஒழுங்கு, காவல்துறை, நிலம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒரு கான்ஸ்டபிள் தடியைச் சுழற்றினால் சட்டப்பேரவையில் முதலமைச்சர் எழுந்து விடை சொல்ல வேண்டும். தில்லியில் அதே தடிக்குப் பொறுப்பு மத்திய உள்துறை அமைச்சகம். தில்லி அமைச்சர் கையை விரித்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. 2021-இல் வந்த திருத்தச் சட்டமோ, அன்றாட நிர்வாகத்தைச் சட்டசபைக் குழுக்கள் விசாரிப்பதையும் தடுத்து, இருந்த வாயையும் பாதி அடைத்துவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம் மதராசி கேம்ப்.

ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மக்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. ஜங்புரா, நிஜாமுதீன் பகுதி வீடுகளில் பாத்திரம் துலக்கி, சமைத்து, பிள்ளை வளர்த்துக் கொடுத்த நம் பெண்கள் வாழ்ந்த இடம். வடிகாலைத் தூர்வார வேண்டும் என்ற காரணத்தால், 2025 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி ஜூன் 1-ஆம் நாள் அது இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 குடிசைகளில் பாதியளவுக்கே மாற்று வீடு உண்டு என்றார்கள். மற்றவர்கள் தகுதியற்றவர்களாம்! வீடு கிடைத்தவர்களுக்கும் அது எங்கே கிடைத்தது? ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், தில்லியின் வடக்கு எல்லையில், நரேலாவில். ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, நல்லதுதான். ஆனால் தில்லியிலேயே பிறந்து தில்லியிலேயே பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு எந்த ஊர் சொந்த ஊர்?

2025 பிப்ரவரியில் நடந்த சட்டசபைத் தேர்தலில் ஜங்புரா தொகுதியில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் 675 வாக்குகள். குடிசைக்கு இரண்டு வாக்கு என்று எண்ணினாலும் மதராசி கேம்பில் 740 வாக்குகள். குடிசை இருக்கும் இடத்திலேயே வீடு என்ற முழக்கத்தை அந்தத் தேர்தலில் கேட்காதவர் உண்டா? வாக்குப் பெட்டி மூடி நான்கு மாதம் முடிவதற்குள் புல்டோசர் வந்தது. எந்தக் கட்சி பெரிய குற்றவாளி என்ற வழக்கை இந்தத் தலையங்கத்தில் நாம் நடத்தப் போவதில்லை. போன குடிசை போயிற்று. நரேலாவில் கிடக்கும் குடும்பங்களின் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் பாதுகாப்புக்கும் எந்த அவையில் யாரை எழுப்பிக் கேட்பது என்பதே இன்று நம் முன் உள்ள வேலை.

ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். ஜங்புராவில் இருந்தவரை நமக்குச் சப்தர்ஜங்கும் எய்ம்ஸும் எட்டிய தூரம். அவை இரண்டும் மத்திய அரசுடையவை. நரேலாவில் இருப்பது தில்லி அரசின் சத்தியவாதி ராஜா ஹரிச்சந்திரா மருத்துவமனை. (அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பொய்யான விடை தரமாட்டார்கள் என்று நம்புவோம்.) ஆகவே நரேலாவின் எம்.எல்.ஏ. இதைத் தாராளமாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் எப்படிக் கேட்பது? "நரேலாவில் மருத்துவ வசதி போதுமானதாக உள்ளதா?" என்று கேட்டால் "உள்ளது" என்று ஒரே சொல்லில் விடை வந்துவிடும். மகப்பேறு மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இரவில் பணியில் இருப்பவர் எத்தனை பேர், புதிய குடியிருப்பிலிருந்து மிக அருகில் உள்ள மருந்தகம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் அதிகாரி கணக்கு எழுதியே தீர வேண்டும்.

பள்ளியிலோ இரண்டு வாசல்கள். ஐந்தாம் வகுப்பு வரை பெரும்பாலும் மாநகராட்சிப் பள்ளி. அதைக் கேட்க வேண்டியவர் வார்டு கவுன்சிலர். அதற்கு மேல் தில்லி அரசின் கல்வித்துறை. அதைக் கேட்பவர் எம்.எல்.ஏ. கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. அந்தப் பகுதிப் பள்ளிகளில் மறுக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும்.

தமிழைப் பற்றியும் ஒரு சொல். தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகள். லோதி எஸ்டேட் பள்ளிக்கு நடந்து போன பிள்ளை இன்று நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி எப்படிப் போகும்? அந்தப் பிள்ளைக்குத் தமிழ் படிக்க வழி என்ன, பள்ளி நேரத்துக்குப் பேருந்து விட அரசு முன்வருமா என்பதும் தில்லிச் சட்டசபையில் கேட்கக் கூடிய கேள்விதான். இதுவரை நம்மில் யாராவது அதை எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

இனிக் காவல். விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்பும் பெண்கள் நம் பெண்கள். முன்பு பத்து நிமிடத்தில் வேலைக்குப் போனவர்கள், இப்போது பழகாத ஊரில் விளக்கில்லாத சாலையில் பஸ்ஸுக்கு நிற்க நேர்கிறது. ரோந்து வருகிறதா? காவல் நிலையத்தில் இரவு நேரத்தில் பெண் காவலர் உண்டா? சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. "அது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? இதையெல்லாம் நரேலா எம்.எல்.ஏ.விடம் சொல்லிப் பயனில்லை. இது நாடாளுமன்றத்தில் உள்துறை அமைச்சரிடம் கேட்க வேண்டியது.

இங்கேதான் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம். தில்லிக் காவல்துறையைப் பற்றித் தில்லி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எந்த எம்.பி.யும் கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர், ஆக 57 பேர் இதே நகரத்துக்கு வந்து உட்கார்கிறார்கள். பொங்கல் விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், இலை போட்டுச் சாப்பாடும் போடுகிறோம். அந்தப் பொன்னாடையோடு சேர்த்து ஒரு தாள் கேள்வியைக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி கேட்பதற்கும் முறை இருக்கிறது. குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சாதாரணமாக 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்டால் தள்ளுபடி செய்துவிடுவார்கள். எனவே ஹரிச்சந்திரா மருத்துவமனையை நாடாளுமன்றத்துக்கும், காவல் ரோந்தைச் சட்டசபைக்கும் மாற்றிக் கொண்டுபோய் நேரத்தை வீணாக்கக் கூடாது. நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் விடை சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்தப் பேறு. அந்த இருபதும் முடிவதற்குள் மணி அடித்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு எழுத்தில் விடை வரும் கேள்வியே மேல் என்பது நம் கருத்து. பேச்சு காற்றோடு போகும்; அச்சிட்ட விடையை ஸ்டேஷனிலும் நீட்டலாம், நீதிமன்றத்திலும் நீட்டலாம். "பரிசீலிப்போம்", "ஆவன செய்வோம்" என்ற வகையில் அமைச்சர் உறுதி கொடுத்துவிட்டால், மூன்று மாதத்துக்குள் அது நிறைவேற வேண்டும். நிறைவேறியதா என்று பார்க்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு என்றே தனிக் குழு இருக்கிறது. அந்தக் குழுவுக்கு மறதி வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பழைய செய்தி ஒன்று. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ராவின் கம்பெனிகளில் போடப்பட்டதைப் பற்றி 1957-இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. ஆளும் கட்சியின் உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி அதை விடாமல் துருவினார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஃபெரோஸ் காந்தியின் கையில் இருந்தவை தேதியும் தொகையும்.

நம் கையிலும் தேதியும் எண்ணிக்கையும் வேண்டும். அதற்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் தில்லி குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி 2015 ஜனவரி 1-க்கு முன்பே குடிசை இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு முக்கியச் சான்று வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் இல்லாமல் வீடு இழந்தவர்களின் துயரம் நம் கண்முன் இருக்கிறது. நரேலாவுக்குப் போனவர்கள் இன்னும் ஜங்புரா வாக்காளராகவே இருந்தால், ஜங்புராக்காரர் "நீங்கள் போய்விட்டீர்கள்" என்பார், நரேலாக்காரர் "நீங்கள் இன்னும் வரவில்லை" என்பார். இடம் மாறியவர்கள் படிவம் 8 நிரப்பிக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். நரேலாதான் தில்லியின் 1-ஆம் எண் சட்டசபைத் தொகுதி. எண்ணில் மட்டும்தான் முதலிடமா என்று அந்தத் தொகுதியின் உறுப்பினரைக் கேட்கும் உரிமை அப்போதுதான் நமக்கு வரும்.

நரேலாவில் உள்ள ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருந்து இல்லை என்று எந்த நாளில் திருப்பி அனுப்பினார்கள், எந்த வகுப்புக்குப் பிள்ளையைச் சேர்க்க மறுத்தார்கள், எந்த நாளில் எத்தனை மணிக்குப் புகாரை வாங்க மறுத்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லச் சங்கத் தோழர்கள் எழுதிக்கொள்வார்கள். பெயர் போட அஞ்சுவோர் பெயரை விட்டுவிடலாம். நாளையும் நேரத்தையும் மட்டும் விட்டுவிட வேண்டாம். அடுத்த கூட்டத்தொடர் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே அவை நம் கைக்கு வந்து சேர்ந்தால், சட்டசபைக்கு உரியதையும் மாநகராட்சிக்கு உரியதையும் நாடாளுமன்றத்துக்கு உரியதையும் தனித்தனியே பிரித்து, 150 சொல்லுக்குள் எழுதி, உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கி வருவோம்.