ஓரெழுத்துதானே என்கிறவர்களுக்கு

திறமூலத் திட்டங்களில் எழுத்துப்பிழை திருத்தம் என்பது, ஆவணங்களிலும் நிரலிலும் தவறாக எழுதப்பட்ட சொல்லைத் தேடிப்பிடித்து, சரியான வடிவத்தை பேட்சாகவோ புல் ரிக்வெஸ்டாகவோ அனுப்பிவைக்கும் வேலை. இது சில்லறை வேலை, பங்களிப்பு என்று சொல்லிக்கொள்ளத் தகுதியற்றது, நிரல் எழுத வராதவர்கள் பெயர் வாங்குவதற்காகச் செய்வது என்றொரு நம்பிக்கை மென்பொருள் உலகில் வேரூன்றிக் கிடக்கிறது. இப்போது அது விதியாகவே எழுதப்படுகிறது. எழுத்துப்பிழையை மட்டும் திருத்தும் கோரிக்கைகள் ஏற்கப்படமாட்டா என்ற வரி, குறிப்பாக கிரிப்டோ நாணயம் சார்ந்த திட்டங்களின் பங்களிப்பு நெறிகளில், அண்மை ஆண்டுகளில் இடம்பிடித்துவிட்டது. அந்த வரியையாவது பிழையில்லாமல் எழுதியிருப்பார்கள் என்று நம்பலாம்.

மறுப்புக்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பை அழுத்தி இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது, எங்கிருந்து வருகிறோம் என்பதை பிரவுசர் 'ரெஃபரர்' என்ற ஹெடர் வழியாக சர்வருக்குச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அச்சொல்லின் நடுவே 'ஆர்' இரட்டித்து வரவேண்டும். 1990களில் அந்த ஹெடரை முன்மொழிந்த பிலிப் ஹாலம்-பேக்கர் ஒற்றை 'ஆர்' போட்டு எழுதிவிட்டார். 1996 மே மாதத்தில் எச்டிடிபி 1.0-ஐ விவரித்து ஆர்எஃப்சி 1945 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வெளிவந்தது. டிம் பெர்னர்ஸ்-லீயும் ராய் ஃபீல்டிங்கும் ஹென்ரிக் ஃப்ரிஸ்டிக்கும் அதன் ஆசிரியர்கள். இத்தனை பெரியவர்கள் கைபட்டும் அந்த 'ஆர்' திரும்பி வரவில்லை. அதற்குள் சர்வர்களும் பிரவுசர்களும் பிழையான வடிவத்தையே பேசத் தொடங்கியிருந்தன. 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616, இந்த ஹெடரின் பெயர் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டது. 2022 ஜூனில் வெளியான ஆர்எஃப்சி 9110 இன்னமும் அதே பெயரைப் போட்டு, பக்கத்தில் 'மூலத்தில் உள்ளபடி' என்ற குறிப்பையும் போட்டிருக்கிறது. ஓரெழுத்துதானே!

கூத்து அங்கே முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் இதே தகவலைத் தரும் பண்பின் பெயர் சரியான எழுத்தில் இருக்கிறது. பின்னால் வந்த ரெஃபரர்-பாலிசி ஹெடரும் சரியான எழுத்தில் இருக்கிறது. எச்டிஎம்எல் இணைப்பில் 'நோ ரெஃபரர்' என்று எழுதினால் அதுவும் சரியான எழுத்து. மூல ஹெடருக்கு மட்டும் பிழை. எங்கே இரண்டு, எங்கே ஒன்று என்பதை ஒவ்வொரு வலை நிரலாளரும் மனப்பாடம் செய்துவைத்திருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் சர்வரின் லாக் அமைப்பில் ஒருவர் ஆங்கில அறிவோடு இரட்டை 'ஆர்' போட்டு எழுதினால், பிழைச்செய்தி எதுவும் வராது. அந்தப் பெயரில் ஒரு ஹெடர் வரவில்லை என்று சர்வர் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு சிறு கோட்டைப் போட்டுவிட்டுப் போகும். பிழையாக எழுதியவனுக்குத் தகவல் கிடைக்கும், சரியாக எழுதியவனுக்கு வெறுங்கோடு கிடைக்கும்.

ஒரு பெயர் வெளியே போய்ப் பிறர் நிரலில் ஏறிவிட்டால் அதன் பிழை நிரந்தரமாகிறது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் சிஸ்டம் கால் 'கிரியேட்' கடைசி 'இ' இல்லாமலே 1970களிலிருந்து வாழ்கிறது. யூனிக்ஸை மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த 'இ'-யைச் சேர்ப்பேன் என்று கென் தாம்ப்சன் சொன்னதாக பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் பதிவுசெய்திருக்கிறார்கள். யூனிகோடில் 2005-இல் சேர்ந்த ஓர் அடைப்புக்குறியின் அதிகாரபூர்வப் பெயரில், 'பிராக்கெட்' என்ற சொல்லின் நடுவே இரண்டு எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கின்றன. ஒருமுறை இட்ட பெயரை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை. ஆகவே பிழைப் பெயர் அப்படியே நிற்க, சரியான பெயர் மாற்றுப்பெயராகப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. அதே கொள்கையால்தான் தமிழின் ஆய்த எழுத்துக்கும் 'தமிழ் விசர்க்கக் குறி' என்பதே இன்றுவரை அதிகாரபூர்வப் பெயர், ஆய்தம் என்பது வெறும் அடிக்குறிப்பு. இது எழுத்துப்பிழை அன்று, அறியாமை. ஆனால் வரைவு நிலையில் எவராவது எழுப்பியிருக்கக்கூடிய ஆட்சேபம், 'பெயர்தானே' என்ற ஒரு சொல்லில் அடங்கிப்போகிற விதம் இரண்டுக்கும் பொதுவானது.

நிரலுக்குள் இருக்கும் கமென்ட்டுகளில் பிழை இருந்தால் கணினிக்கு என்ன, அது படிப்பதில்லையே என்பது அடுத்த வாதம். கணினி படிப்பதில்லை, மனிதர்கள் தேடுகிறார்கள். பல லட்சம் வரிகள் கொண்ட திட்டத்தில் எவரும் முதல் வரியிலிருந்து படித்து வருவதில்லை. 'கிரெப்' போட்டுச் சொல்லைத் தேடித்தான் உரிய இடத்துக்குப் போகிறார்கள். பிழையாக எழுதப்பட்ட சொல் தேடலில் அகப்படாது. லினக்ஸ் கர்னலின் ஆவணங்கள் இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருந்தன. எவையெல்லாம் 'சிறு பேட்ச்' என்று ஏற்கப்படும் என்ற பட்டியலில், ஆவணங்களின் எழுத்துப்பிழைத் திருத்தத்துக்கு அடுத்து, 'கிரெப்' தேடலைக் கெடுக்கக்கூடிய எழுத்துப்பிழைகளின் திருத்தம் தனி வகையாகவே இருந்தது. அத்தகைய பேட்சுகளைத் திரட்டுவதற்கென்றே தனி மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. அடிக்கடி நேரும் பிழைகளின் பட்டியல் ஒன்று கர்னல் களஞ்சியத்திலேயே கிடக்கிறது. டெபியன் திட்டத்தின் லின்டியன் கருவியிலிருந்து எடுத்து வளர்த்த பட்டியல் அது. பேட்சைச் சரிபார்க்கும் செக்பேட்ச் நிரல் அதைப் பார்த்து எச்சரிக்கிறது. உலகின் பெரும்பாலான சர்வர்களை ஓட்டும் கர்னலுக்கு இல்லாத மிடுக்கு, நாலு பேர் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் பராமரிப்பாளருக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

கமென்ட்டை விட்டு நிரலுக்கே வந்தால் நிலைமை இன்னும் மோசம். பைத்தானில் சோதனை எழுத உதவும் மாக் பொருள், தன்னிடம் எந்தப் பெயரைக் கேட்டாலும் 'இருக்கிறது' என்று தலையாட்டும் இயல்புடையது. சோதனையின் முடிவில் 'அசெர்ட்' என்று தொடங்கும் ஒரு செயற்கூற்றை அழைத்து, எதிர்பார்த்தது நடந்ததா என்று பார்க்க வேண்டும். அந்தச் சொல்லில் எழுத்து இடம்மாறிவிட்டால், மாக் பொருள் அதற்கும் தலையாட்டும். எதுவும் சரிபார்க்கப்படாது, சோதனை மட்டும் பச்சை விளக்கோடு தேறிவிடும். நிரல் உடைந்து கிடக்க, அறிக்கை எல்லாம் நலம் என்று சொல்லும். இது அடிக்கடி நடந்ததால், 3.5 பதிப்பில் பைத்தான் மொழியே இறங்கிவந்து, 'அசெர்ட்'டின் பிழை வடிவம் ஒன்றைப் பெயர்சொல்லித் தடைசெய்தது. பிறகு 3.10 பதிப்பில் இன்னும் மூன்று பிழை வடிவங்கள் அந்தத் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஒரு நிரல்மொழியின் செந்தர நூலகத்துக்குள் எழுத்துப்பிழைகளின் பட்டியல் நிரந்தரக் குடியிருப்பு பெற்றிருக்கிறது. சில்லறை வேலை என்பவர்கள் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்கலாம். பார்த்தபின் ரெஃபரரையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆவணங்களில் பிழை இருந்தால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்பார்கள். வாக்கியத்தில் இருந்தால் புரிந்துகொள்வார்கள்தான். நிறுவும் கட்டளையில் இருந்தால்? படிப்பவர் அதைப் புரிந்துகொள்வதில்லை, நகலெடுத்து டெர்மினலில் ஒட்டுகிறார். 2017 ஆகஸ்டில் என்பிஎம் களஞ்சியத்தில் 'கிராஸ்என்வ்' என்ற பொதி பிடிபட்டது. நடுவே சிறுகோடு உள்ள 'கிராஸ்-என்வ்' என்பதுதான் பலரும் பயன்படுத்தும் உண்மையான பொதி. கோட்டை விட்டுத் தட்டியவர்களின் கணினியிலிருந்து என்விரான்மென்ட் மாறிகளைத் திருடி அனுப்புவதற்காகவே போலி அங்கே வைக்கப்பட்டிருந்தது. கடவுச்சாவிகளைப் பலர் அந்த மாறிகளில்தான் வைத்திருப்பார்கள். இப்படிப் பிழைகளை நம்பியே பிழைப்பு நடத்தும் ஒரு திருட்டுத் தொழில் இருக்கும்போது, ஆவணத்தில் விட்டுப்போன ஒரு சிறுகோட்டைச் சுட்டிக்காட்டுகிறவரைப் பார்த்து 'வேறு வேலை இல்லையா' என்று கேட்பது துணிச்சல்தான்.

பராமரிப்பாளர்கள் வழக்கமாக எடுத்து நீட்டும் அடுத்த சாக்கு ஹேக்டோபர்ஃபெஸ்ட். டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய இந்த நிகழ்வில், அக்டோபர் மாதத்துக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியவர்களுக்கு டி-ஷர்ட் கிடைத்தது. 2020-இல் குப்பைக் கோரிக்கைகள் வெள்ளமாக வந்தன. சில நாள்களிலேயே, விரும்பிச் சேரும் களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதி மாற்றப்பட்டது. 2023-இல் டி-ஷர்ட்டே நின்றுபோய் டிஜிட்டல் பேட்ஜ் வந்தது. இதை வைத்துக்கொண்டு எழுத்துப்பிழை திருத்துகிறவர்களையெல்லாம் டி-ஷர்ட் கும்பல் என்கிறார்கள். அந்த வெள்ளத்தில் அடையாளமாகிப்போனது என்னவென்றால், ரீட்மீ கோப்பின் தலைப்பில் 'அருமையான திட்டம்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்து அனுப்புவது. அதில் எந்தப் பிழை திருத்தப்பட்டது? இல்லாத சொல்லைச் சேர்த்தவனின் குற்றத்துக்கு, இருந்த பிழையை எடுத்தவன் தண்டனை அனுபவிக்கிறான். சட்டையைப் பரிசாக வைத்தவர்களையும், கிட்ஹப் பக்கத்தில் பங்களிப்பைக் காட்டும் பச்சைக் கட்டங்களை எண்ணி வேலை கொடுக்கும் நிறுவனங்களையும், இலவச நாணயம் தருவதாகச் சொல்லிப் பங்களிப்புகளை எண்ணிய கிரிப்டோ திட்டங்களையும் கேட்கவேண்டிய கேள்வி இது. அவர்களைக் கேட்க எவருக்கும் வாய் வருவதில்லை.

'கிட் பிளேம்' அழுக்காகிறது என்பது இன்னொரு புகார். ஒரு வரியைக் கடைசியாக மாற்றியது யார் என்று பார்த்தால் நிரல் எழுதியவர் பெயருக்குப் பதில் பிழை திருத்தியவர் பெயர் நிற்கிறதாம். பிழை திருத்திய கமிட்டை மட்டும் கணக்கில் எடுக்காமல் தாண்டிப்போகும் வசதி, 2019 ஆகஸ்டில் வெளிவந்த கிட் 2.23-இலேயே வந்துவிட்டது. கமென்ட்டில் ஓரெழுத்து மாறியதற்கு முழுச் சோதனைத்தொகுதியும் ஓடுகிறது என்கிறார்கள். எந்த வகைக் கோப்பு மாறினால் சோதனை ஓடவேண்டாம் என்று சொல்லிவைக்கச் சில வரி அமைப்பு போதும். இடைவெளிக்கு டேபா ஸ்பேஸா என்று வாரக்கணக்கில் வாதாட நேரமுள்ள திட்டங்களில் இதற்கு மட்டும் நேரமில்லை.

உண்மையில் இந்தப் புகார்களுக்கெல்லாம் அடியில் இருப்பது வருணாசிரமம். கர்னல் எழுதுகிறவர் மேலே, பயன்பாட்டு நிரல் எழுதுகிறவர் அடுத்து, சோதனை எழுதுகிறவர் அதற்குக் கீழே, ஆவணம் எழுதுகிறவர் வாசலில், பிழை திருத்துகிறவர் தெருவில். கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறார் என்று இவர்கள்தான் சொல்லவேண்டும். தம் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு அவர் 2.56 டாலர் காசோலை அனுப்பினார். 256 சென்ட், அதாவது ஒரு ஹெக்ஸாடெசிமல் டாலர். அச்சுப்பிழைக்கும் அதே மரியாதைதான். வங்கி மோசடிகளுக்கு அஞ்சி 2008-இல் உண்மைக் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கி ஒன்றின் சான்றிதழாக மாற்றினாரே தவிர, பிழை வாங்குவதை நிறுத்தவில்லை. பெற்றவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டிவைத்தார்கள். டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியவருக்கு அச்சுப்பிழை அவமானமாகப் படவில்லை.

சிறிய மாற்றத்தைக் கவனிக்கவேண்டியதில்லை என்ற மனப்பான்மைக்கு 2024-இல் வேறொரு பக்கமும் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற கோப்புச்சுருக்க மென்பொருளில் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அறிவித்தார். அதன் பிறகு நிரலைத் துருவியபோது, லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சிமேக் சோதனையின் நடுவே தன்னந்தனியாக ஒரு புள்ளி கிடந்தது. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் கம்பைல் ஆகாது, வசதி இல்லை என்று கருவி முடிவுசெய்யும், பாதுகாப்பு சத்தமில்லாமல் அணைந்துவிடும். எழுத்துப்பிழை போலவே தோன்றும் ஒரு புள்ளி. புள்ளியையும் எழுத்தையும் பார்க்கும் கண் திட்டத்துக்கு வேண்டுமென்றால், அந்தக் கண் உடையவர்களை வாசலில் வைத்துத் துரத்தக்கூடாது.

மொழிபெயர்ப்புத் தொண்டர்கள் மட்டும் எழுத்துப்பிழைத் திருத்தத்தின் பேரில் நியாயமாகக் கோபப்படலாம். அவர்களைத்தான் எவரும் நினைப்பதில்லை. க்நூ கெட்டெக்ஸ்ட் முறையில் ஆங்கில மூல வாக்கியமே மொழிபெயர்ப்பைக் கண்டுபிடிக்கும் சாவி. பட்டனின் ஆங்கில வாசகத்தில் ஓரெழுத்தைத் திருத்தினால், அடுத்து கோப்புகளைப் புதுப்பிக்கும்போது அத்தனை மொழிகளிலும் அந்த வாக்கியம் 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படும். ஐயத்துக்குரியவை வழக்கமாக இறுதிக் கோப்பில் சேர்வதில்லை. நேற்றுவரை தமிழில் இருந்த பட்டன், அடுத்த பதிப்பில் ஆங்கிலத்தில் நிற்கும். தமிழ் வாசகத்தில் எந்தக் குறையும் இல்லை, அது எவருடைய பிழைக்கோ பலியானது. இதற்காகத்தான் க்நோம் போன்ற திட்டங்களில், வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே வாசகங்களை உறையவைத்துவிடுகிறார்கள். உறைவதற்கு முன் திருத்தினால் செலவு குறைவு, பிறகென்றால் மொழிக்கு மொழி செலவு. பிழையைத் திருத்துகிறவரோ மெர்ஜ் செய்கிறவரோ எல்லா மொழிக் கோப்புகளிலும் மூல வாக்கியத்தைச் சேர்த்தே மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. 'செட்' கட்டளை ஒன்று போதும். பெரும்பாலான இடங்களில் அது நடப்பதில்லை, காரணம் கேட்டால் வரும் பதில் ஓரெழுத்துதானே என்பது.