முதல் சம்பளம், முதல் கடன் பற்று அட்டை: இளையோர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

பேரங்காடி நுழைவாயிலில் மேசை போட்டு நிற்கும் வங்கி முகவர்களை நாம் அனைவரும் பார்த்திருப்போம். “பயணப் பெட்டி இலவசம், முதல் ஆண்டுக் கட்டணம் இல்லை, பெட்ரோலுக்குக் கழிவு உண்டு” என்றுதான் அவர்களின் பேச்சு தொடங்கும். வேலையில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளைஞர்களில் பலர், அந்தப் பேச்சைக் கேட்டே தங்கள் முதல் கடன் பற்று அட்டையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: கடன் வரம்பு எவ்வளவு? முழுத் தொகையையும் கட்டாவிட்டால் என்ன ஆகும்?

சட்டம் போட்ட வேலி

இளையோர் கடனில் சிக்குவதைத் தடுக்க, பேங்க் நெகாரா 2011-ஆம் ஆண்டில் விதிகளைக் கடுமையாக்கியது. முதன்மை அட்டைதாரருக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட், அதாவது மாதம் 2,000 ரிங்கிட் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 36,000 ரிங்கிட் அல்லது அதற்கும் குறைவாகச் சம்பாதிப்பவர் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளை மட்டுமே வைத்திருக்கலாம். ஒவ்வொரு நிறுவனமும் அவருடைய மாத வருமானத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் கடன் வரம்பு தரக்கூடாது.

இது நல்ல வேலிதான். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த வேலி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது தெரியும். மாதம் 2,500 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு ஒரு வங்கி 5,000 ரிங்கிட் வரை வரம்பு தரலாம். இரு வங்கிகள் என்றால் 10,000 ரிங்கிட். அவருக்கோ, இபிஎஃப், சொக்சோ பிடித்தம் போகக் கைக்கு வருவது சுமார் 2,200 ரிங்கிட். அதிலிருந்துதான் வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிடிபிடிஎன் கடன், வீட்டுக்குக் கொடுக்கும் பணம் எல்லாம் போக வேண்டும். சட்டம் அனுமதிக்கும் வரம்பு வேறு, நம் சம்பளம் தாங்கும் வரம்பு வேறு.

குறைந்தபட்சத் தொகை எனும் பொறி

மாத அறிக்கையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்த நிலுவை, மற்றொன்று கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. பெரும்பாலும் இது நிலுவையில் 5 விழுக்காடு அல்லது 50 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அது. புதிதாக அட்டை வாங்கியவர் கண்ணில் இந்தச் சிறிய எண்தான் முதலில் படும்.

வட்டி மூன்று படிகளாக விதிக்கப்படுகிறது. தொடர்ந்து 12 மாதங்கள் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை. 12 மாதங்களில் 10 மாதங்களாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17 விழுக்காடு வரை. மற்றவர்களுக்கு 18 விழுக்காடு வரை. புதிய அட்டைதாரர் பொதுவாக மேல்படியில்தான் தொடங்குவார்.

ஒருவர் 3,000 ரிங்கிட்டுக்குப் பொருள் வாங்கிவிட்டு, அதன் பிறகு அட்டையைத் தொடாமல், மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் அவர் கட்டும் 150 ரிங்கிட்டில் ஏறக்குறைய 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும். ஓராண்டுக்குப் பின் வட்டி 15 விழுக்காடாகக் குறைந்தாலும், கடன் முழுதும் தீர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் ஏறக்குறைய 900 ரிங்கிட். ஒரு தவணையும் தவறாதவருக்கே இந்தக் கணக்கு. தாமதமாகக் கட்டினால் அபராதம் தனி.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. வட்டியில்லாக் காலம் என்பது முன்மாத நிலுவையை முழுமையாகக் கட்டியவருக்கு மட்டுமே. பாக்கி வைத்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கும் உடனே வட்டி ஓடத் தொடங்கும். அட்டையில் ரொக்கம் எடுத்தாலோ, கட்டணமும் உண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டுபவருக்கு மட்டுமே கழிவும் புள்ளிகளும் லாபம். பாக்கி வைப்பவர் மாதம் 20 ரிங்கிட் கழிவு பெற்று 45 ரிங்கிட் வட்டி கட்டினால், அது சலுகை ஆகாது. ஆகவே முதல் அட்டைக்குச் சில அளவுகோல்கள் போதும்.

முதலாவது, ஒரே அட்டை போதும். இரண்டாவது, வங்கி தரும் வரம்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்குள் குறைத்துத் தருமாறு கேட்கலாம். மூன்றாவது, நிபந்தனையின்றி ஆண்டுக் கட்டணம் இல்லாத அட்டையைத் தேடுங்கள். முதல் ஆண்டுக்கு மட்டும் இலவசம் என்றால் இரண்டாம் ஆண்டில் எவ்வளவு என்று கேளுங்கள். அப்படியே இலவசமானாலும் ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. நான்காவது, சம்பளம் வந்த மறுநாளே முழு நிலுவையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். ஐந்தாவது, நண்பருக்கோ உறவினருக்கோ உங்கள் அட்டையில் பொருள் வாங்கித் தராதீர்கள். அவர் கட்டாவிட்டாலும் வங்கி தேடி வருவது உங்களைத்தான்.

ஒழுங்காகக் கட்டுவதில் பயனும் இருக்கிறது. பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் கடந்த 12 மாதக் கட்டண வரலாறு பதிவாகியிருக்கும். நாளை வீட்டுக்கோ காருக்கோ கடன் கேட்கும்போது வங்கி முதலில் பார்ப்பது அதைத்தான்.

வேலிக்கு வெளியே இருப்பவர்கள்

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆண்டுக்கு அது 20,400 ரிங்கிட். அந்தச் சம்பளத்தை மட்டுமே நம்பியிருக்கும் இளைஞருக்குக் கடன் பற்று அட்டை கிடைக்காது. ஆனால், அவருடைய கைப்பேசியில் ‘இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்’ என்னும் சேவை சில நிமிடங்களில் திறந்துவிடும். ஒவ்வொரு தவணையும் 40, 50 ரிங்கிட்தான் என்று தோன்றும். மூன்று நான்கு செயலிகளில் சேர்ந்தால் அதுவும் ஒரு கடன் பற்று அட்டைதான், வேலி இல்லாத அட்டை.

இத்தகைய நிறுவனங்களையும் உரிமத்துக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்தும் நுகர்வோர் கடன் சட்ட மசோதா 2025 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியது. வரவேற்க வேண்டிய முயற்சிதான். ஆயினும், எந்தச் சட்டமும் ஒருவரின் மாதச் செலவைக் கணக்குப் போட்டுத் தராது.

அந்தக் கணக்கை வீட்டிலேயே தொடங்கலாம். பிள்ளை முதல் சம்பளம் வாங்கியதும் எவ்வளவு கொடுப்பான் என்று கேட்கும் பெற்றோர், எவ்வளவு கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். ஏற்கெனவே சிக்கியிருந்தால் மறைக்க வேண்டியதில்லை. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே, கடன் ஆலோசனையையும் கடனைச் சீரமைக்கும் திட்டத்தையும் இலவசமாகவே வழங்குகிறது. நிலுவை 3,000 ரிங்கிட்டாக இருக்கும்போதே அங்கு போவது, 30,000 ஆன பிறகு போவதைவிட எளிது.