நடுவுல இருக்கிற போன்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ‘அட்ஹாக் நெட்வொர்க் செக்யூரிட்டி’ எடுத்திருக்கீங்களா? இதைக் கேளுங்க பாஸ்!

2019-ல ஹாங்காங் போராட்டக்காரர்கள் நிறையப் பேர் ‘பிரிட்ஜ்ஃபை’ங்கிற ஆப்பை போன்ல ஏத்தினாங்க. டவரே வேண்டாம். மெசேஜ், ப்ளூடூத் மூலமா பக்கத்துல இருக்கிறவங்க போன்ல தாவித் தாவியே போய்ச் சேரும். சூப்பர்ல? ஆனா, நடுவுல இருக்கிற போன் யாரோடது?

2020-ல லண்டன் ராயல் ஹாலோவே ஆராய்ச்சியாளர்கள் பிரிச்சு மேய்ஞ்சுட்டாங்க. மெசேஜைப் படிக்கலாம், அடுத்தவர் பேர்ல அனுப்பலாம், ஒரே மெசேஜ்ல மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைக்கலாம். மாட்டினா ஜெயில்னு இருக்கிறவங்களுக்கு இந்த நிலைமை! கம்பெனி அவசரமா ‘சிக்னல்’ புரோட்டோகாலைச் சேர்த்துச்சு. 2022-ல மறுபடியும் ஓட்டை. பூட்டு நல்ல பூட்டுதான், மாட்டின விதம்தான் சொதப்பல்.

உங்க சிமுலேஷன்ல ஒரே ஒரு போனைப் பொய் சொல்ல வைங்க. கிராஃப் எப்படி வருதுனு பாருங்க!