வண்டிக்கும் ஒரு மூளை

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் பெருவீதியில், கற்பிட்டிக்கு வழி பிரியும் சந்தியே பாலாவி. உப்பளங்களும் களப்புக் காற்றும் சூழ்ந்த அவ்வூரில், முன்னொரு காலத்தில் என்னிடம் கல்வி பயின்ற ஒருவர், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டி வருகிறார். வண்டி இருபத்தைந்து வயதைக் கடந்தது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்தில் மீண்டும் இடமளிக்கப்படும் வரை, உள்ள வண்டியைப் பேணிக் காப்பதன்றி அவர் போன்றோருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றும் புதியதன் விலை அவருக்கு எட்டாக் கனியே.

சென்ற ஆண்டு அந்த வானை ஒரு நோய் பற்றியது. காலையில் எளிதில் உயிர் பெறாது; நண்பகலில் பிள்ளைகளோடு நடுவீதியில் நின்றுவிடும். வண்டியைப் பார்த்த திருத்துமிடத்தார், "கம்பியூட்டர் போய்விட்டது, வேறு போட வேண்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டனர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, நாற்பதாயிரம் ரூபாவுக்குப் பழைய பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினார். மூன்று வாரம் வண்டி நன்றாக ஓடியது. நான்காம் வாரம் பழைய கதையே தொடர்ந்தது. "சேர், கடனும் ஏறிவிட்டது, பிள்ளைகளின் பெற்றோரும் வேறு வான் தேடுகிறார்கள்" என்று அவர் கலங்கி நின்ற காட்சி இன்னும் என் கண்ணை விட்டகலவில்லை.

இக்கம்பியூட்டர் எங்கிருந்து வந்தது? முற்காலத்தில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது காபரேற்றர். 1967இல் வொக்ஸ்வாகன் 1600 வண்டியில், பொஷ் நிறுவனத்தாரின் மின்னணுப் பெட்டி அவ்வேலையை ஏற்றது. 1979இல் அதே நிறுவனத்தின் மொட்ரோனிக், பெற்றோலின் அளவையும் தீப்பொறி எழும் நேரத்தையும் ஒரே பெட்டியின் ஆட்சிக்குள் கொண்டு வந்தது. உணரிகள் என்னும் சிறு கருவிகள் சூட்டையும் காற்றையும் அளந்து சொல்ல, எவ்வளவு பெற்றோல், எப்போது தீப்பொறி என்று இம்மூளை கணந்தோறும் தீர்ப்பளிக்கிறது.

பாலாவியில் மின்வேலை செய்யும் முதியவர் ஒருவரிடம் வண்டி சென்றது. அவர் பெட்டியைத் தொடுமுன் வயர்களைத் தொட்டார். எஞ்சினில் முடுக்கியிருந்த ஏர்த் வயரின் முனையில், உப்புக் காற்றினால் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. அதைச் சுரண்டித் துலக்கினார். பின்னர், உணரிகளுக்குப் பெட்டி அனுப்ப வேண்டிய ஐந்து வோல்ற் மின்னை அளந்தார். அது குறைந்தும் கூடியும் தள்ளாடியது. உணரிகளைக் கழற்றிவிட்டு அளந்தபோதும் தள்ளாட்டம் நீங்கவில்லை. அப்போதுதான், "இனிப் பெட்டியைத் திறக்கலாம்" என்றார்.

மூடியைத் திறந்ததும் மீன் வாடை வீசியது! கடற்கரையூரில் மீன் வாடையை யார் பொருட்படுத்துவார்? ஆனால் முதியவர் அதனை அறிவார். மின்னைத் தேக்கி வைக்கும் சிறு உருளைகளான கொள்ளளவிகளுள் ஒருவகைத் திரவம் உண்டு. அது கசிந்தால் பெரும்பாலும் அவ்வாடைதான் வீசும். கசிந்த திரவம் செப்புக் கோடுகளை அரிக்கிறது. சூடு பத்துப் பாகை கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுவியலார் கொள்ளும் பொதுக்கணக்கு. நம் வெயிலில் இருபத்தைந்தாண்டு உழைத்த பெட்டி கசிவதில் வியப்பென்ன?

வாங்கி வந்த பெட்டியையும் திறந்தார். அதிலும் அதே கசிவு! அதுவும் அதே வயதினது அன்றோ? நோயாளியின் இடத்தில் இன்னொரு நோயாளியை அமர்த்தியதற்கே நாற்பதாயிரம் செலவாயிற்று. பழைய பெட்டியில் புதிய கொள்ளளவிகளை வைத்து, அரித்த கோடுகளை ஈயப்பற்றால் இணைத்தார். கூலியுடன் நாலாயிரத்தைந்நூறு ரூபாதான். வண்டி இன்றுவரை நிற்கவில்லை.

பழைய வான் வைத்திருப்போர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. பெட்டியைக் குற்றஞ் சொல்லுமுன் பற்றரி, பியூஸ், ஏர்த் வயர், இணைப்பு முனைகள் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஜப்பானிய வண்டிகள் பலவற்றில், சோதனை முனைகள் இரண்டை இணைத்தால் எஞ்சின் விளக்கு இமைத்து இமைத்துக் குற்றத்தின் இலக்கத்தைத் தானே சொல்லும். பெட்டியைக் கழற்றுமுன் பற்றரியின் எதிர்முனையை விடுவிக்க வேண்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமெனின், மேலுள்ள இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் அவசியம். எஞ்சின் ஒன்றாயினும், கியர் முறை வேறானால் பெட்டியும் வேறாகலாம். சாவிக்குள் இரகசிய எண் உள்ள வண்டியாயின், புதிய பெட்டிக்கு அச்சாவியைப் பழக்கவும் வேண்டும். பஞ்சிகாவத்தையிலோ வேறெங்கோ பழையதை வாங்குவோர், அதனைத் திறந்து பார்த்து, வேண்டுமாயின் கொள்ளளவிகளை மாற்றிய பின்னரே பொருத்துவார்களாக.

தலைவலி என்றவுடன் தலையை மாற்றுவார் உளரோ? மாணவர்களே, பொருளை மாற்றுதல் காசுள்ளவர் எவரும் செய்யக்கூடியது. குற்றம் எங்கே என்று பொறுமையோடு தேடுவதே கல்வி. அதனைப் பாலாவியில், பட்டம் எதுவும் பெறாத ஒரு முதியவரிடம் நான் பயின்றேன். அடகு வைத்த சங்கிலி சென்ற மாதம் மீண்டதாகச் சாரதி சொன்னார்.