அட்டவணைக்குள் அடங்காத வேறுபாடு

‘ஃபார்வர்டு, சென்ட்ரீடைரக்ட் ஆகியவற்றை வேறுபடுத்துக.’ ஜாவா சர்வ்லெட் கற்பிக்கப்படும் கல்லூரிகளில் இக்கேள்வி தேர்வுக்குத் தேர்வு தலைகாட்டுகிறது. வேலைக்கான நேர்காணல்களிலும் தொடர்கிறது. மாணவர்களும் சளைக்காமல் அட்டவணை போடுகிறார்கள்: ஒன்று வழங்கிக்குள்ளேயே நிகழ்வது, மற்றொன்று உலாவி வழியாக நிகழ்வது; ஒன்றில் முகவரி மாறாது, மற்றொன்றில் மாறும்; ஒன்று விரைவு, மற்றொன்று தாமதம். விடை சரியே, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் எவ்விடத்தில் எதைக் கையாள்வது, தவறாகத் தேர்ந்தால் இழப்பு யாருக்கு என்பவற்றை அந்த அட்டவணை சொல்வதில்லை.

ஓர் அரசு அலுவலகத்தை எண்ணிப் பார்க்கலாம். மனுவை வாங்கிய எழுத்தர் அதைத் தாமே உள்ளே அடுத்த பிரிவுக்கு அனுப்புகிறார். மனுதாரர் அதே கவுன்ட்டரின் முன் நிற்கிறார். விடை எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்பதை அவர் அறியார். இது ஃபார்வர்டு. ‘ஆறாம் கவுன்ட்டருக்குப் போங்கள்’ என்று எழுத்தர் சொல்லிவிட்டால், மனுதாரர் அங்கே புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். இது ரீடைரக்ட். முன்னதில் கோரிக்கை ஒன்றே. முதல் சர்வ்லெட் அதனுடன் இணைத்த தகவல்கள் அடுத்ததற்கும் கிடைக்கும். பின்னதில் வழங்கி 302 என்னும் குறியீட்டையும் புதிய முகவரியையும் தர, உலாவி இரண்டாவது கோரிக்கையை அனுப்புகிறது; முதல் கோரிக்கையுடன் இணைக்கப்பட்டவை அங்கே இரா. ஆக, அடிப்படை வேறுபாடு வேகம் அன்று. கோரிக்கை கைமாறியது உலாவிக்குத் தெரியுமா என்பதே.

இது தெரியாமற்போவதன் விளைவைத் தேர்வுக் கட்டணம் செலுத்தும் பக்கம் ஒன்றைக் கொண்டே விளக்கலாம். மாணவி பணம் செலுத்துகிறார். சர்வ்லெட் அதைப் பதிவுசெய்து, ரசீதுப் பக்கத்துக்கு ஃபார்வர்டு செய்கிறது. ரசீது திரையில் தெரிகிறது. முகவரியோ பணம் செலுத்தும் முகவரியாகவே இருக்கிறது. ரசீது சரியாகத் தெரியவில்லை என்று அவர் ரெஃப்ரெஷ் செய்து, உலாவி கேட்கும் கேள்விக்குச் சம்மதமும் தந்தால், அதே போஸ்ட் கோரிக்கை மீண்டும் செல்கிறது. வழங்கியில் வேறு தடுப்பு இல்லையெனில் கட்டணம் இருமுறை பதிவாகும். பதிவு முடிந்ததும் ரசீதின் முகவரிக்கு ரீடைரக்ட் செய்திருந்தால், எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் ரசீது மட்டுமே மீண்டும் வரும். எச்டிடிபி 1.1 தரநிலையில் 303 என்னும் குறியீடு வகுக்கப்பட்டது இத்தகைய தேவைக்காகவே. இங்கே ‘ஃபார்வர்டே விரைவானது’ என்னும் பாடம் தீங்கான பாடம்.

பாதுகாப்பில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. வாயிற்காவலர் வெளியிலிருந்து வருவோரைச் சோதிப்பார். உள்ளே பிரிவுக்குப் பிரிவு நகரும் கோப்பைச் சோதிப்பதில்லை. சர்வ்லெட் ஃபில்டரும் அவ்வாறே. டிஸ்பேட்சர் வகையைக் குறிப்பிடாவிடில், வெளியிலிருந்து நேரே வரும் கோரிக்கைகளுக்கு மட்டுமே அது இயங்கும். ஃபார்வர்டுக்கும் அது இயங்க வேண்டுமெனில் வெளிப்படையாக எழுத வேண்டும். அவ்வசதி 2003இல் வெளியான சர்வ்லெட் 2.4 பதிப்பில்தான் வந்தது. எனவே, எப்பக்கத்துக்கு ஃபார்வர்டு செய்வது என்பதைப் பயனர் தரும் அளவுருவிலிருந்து எடுக்கும் ஒரு சர்வ்லெட், நிர்வாகிக்கு மட்டுமே உரிய பக்கத்தை எவருக்கும் திறந்துவிடக்கூடும். சரிபார்க்கப்படாத ரீடைரக்டுகளையும் ஃபார்வர்டுகளையும் ஓவாஸ்ப் அமைப்பு 2010, 2013 ஆகிய ஆண்டுகளின் முதல் பத்து அபாயங்களின் பட்டியலில் சேர்த்திருந்தது.

இதனால் ஃபார்வர்டு விலக்கத்தக்கது என்று கொள்ளலாகாது. வெப்-இன்ஃப் கோப்புறைக்குள் வைக்கப்பட்ட ஜேஎஸ்பி பக்கத்தை உலாவி நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. சர்வ்லெட் ஃபார்வர்டு செய்தால் அது வெளிப்படும். தரவைத் திரட்டுவது ஓரிடம், காட்டுவது வேறிடம் என்னும் ஒழுங்கு அதனால் காக்கப்படுகிறது. தேடுவது, பட்டியலிடுவது போல எதையும் மாற்றாத பணிகளுக்கு ஃபார்வர்டு இயல்பாகப் பொருந்தும்; தரவை மாற்றும் பணி முடிந்தபின் ரீடைரக்டே முறை.

சர்வ்லெட் பழையதாகிவிட்டது, இன்று ஸ்பிரிங் போதும் என்போர் உண்டு. ஆனால் ஸ்பிரிங்கிலும் ‘ஃபார்வர்டு’, ‘ரீடைரக்ட்’ என்னும் முன்னொட்டுகளில் ஒன்றை நிரலரே தேர்ந்தெடுக்கிறார். கருவி மாறியது, முடிவெடுக்கும் பொறுப்பு மாறவில்லை. பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. ஓர் ஆய்வக வகுப்பு போதும். ஃபார்வர்டு செய்த பக்கத்தை மாணவர் ரெஃப்ரெஷ் செய்து, தரவுத்தளத்தில் இரண்டாவது வரிசை விழுவதைப் பார்க்கட்டும். ஃபில்டரைப் போட்டபின்னும் ஃபார்வர்டு அதைக் கடந்து செல்வதைப் பார்க்கட்டும். மறுமொழியின் ஒரு பகுதி உலாவிக்குப் போய்விட்டபின் ஃபார்வர்டு செய்து, இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் எழுவதையும் பார்க்கட்டும்.

தேர்வுக் கேள்வியும் மாறலாம்: ‘கட்டணம் பெறும் இப்பக்கத்தில் எதைப் பயன்படுத்துவீர்? ஏன்?’ அட்டவணையை மனப்பாடம் செய்தவர் இக்கேள்வியில் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் தேர்வறையில் நிகழ்வதே நல்லது. அங்கே யாருடைய பணமும் போவதில்லை.