முன்னாலும் ஒரு கேள்விக்குறி

“சித்தப்பா, இந்தத் தலைகீழ்க் கேள்விக்குறியை எப்படி அடிக்கிறது?” என்று பெறாமகள் கேட்டாள். கைத்தொலைபேசியில் ஸ்பானியம் படிக்கிறாள். கேள்விக்குறியை அழுத்திக்கொண்டே இரு, மேலே வரும் என்றேன். விண்டோஸ் கணினியென்றால் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 0191. தலைகீழ் ஆச்சரியக்குறிக்கு 0161.

அடிப்பது சுலபம். ஏன் அடிக்கவேணும் என்பதில்தான் சுவை. ஸ்பானிய மொழியில் ‘வியெனெஸ் மன்யானா’ என்றால் ‘நாளைக்கு வருகிறாய்’. அதே சொற்கள் அதே வரிசையில் நின்று ‘நாளைக்கு வருகிறாயா’ என்றும் கேட்கும். குரல்தான் வேறு. நீண்ட வசனத்தை உரக்க வாசிப்பவர் கடைசிக் குறியைக் காணும்போது, குரலை ஏற்றவேண்டிய இடம் கடந்துவிட்டிருக்கும். அதனால் ஸ்பானிய அரச கழகம் 1754இல், நீண்ட கேள்விகளின் தொடக்கத்திலும் தலைகீழாக ஒரு குறி இடச் சொன்னது.

எல்லாரும் பணிந்துவிடவில்லை. 1929இல் சிலி நாட்டின் துணைத்தூதராகக் (கொன்சல்) கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் குடியிருந்த பாப்லோ நெருடா முன்குறியைத் தவிர்த்தவர். முழுக்கக் கேள்விகளாலேயே ஆன அவருடைய ‘கேள்விகளின் புத்தகம்’ அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல் வந்தது. அதிலும் பின்குறி மட்டுந்தான்.

தமிழுக்கு இந்தச் சிக்கல் குறைவு. நன்னூல் வினா எழுத்துகளை வகுத்தே வைத்திருக்கிறது: எ, யா சொல்லின் முதலில், ஆ, ஓ கடைசியில், ஏ இரண்டிடத்திலும். யாழ்ப்பாணத்தில் ‘வந்தனீங்களோ’ என்றால் அந்த ஓகாரமே கேள்வி. அது கடைசியில் வந்தாலும் பாதகமில்லை. குரல் தவறினாலும் எழுத்து கேட்டுவிடும். ஏட்டுக் காலம் கேள்விக்குறி இல்லாமலே கழிந்தது. அச்சு வந்து உரைநடை பெருகியபோது, நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) ஐரோப்பிய நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்காகக் கையாண்டார்.

பிறகு கணினி வந்தது. பாமினி எழுத்துருவில் அரைப்புள்ளி விசையில் மெய்யெழுத்தின் புள்ளி ஏறிக்கொண்டது. காற்புள்ளி விசையில் இகரம். குறிகள் வேறு விசை தேடிப் போயின. எழுத்துக்குத்தான் முதலிடம் என்ற அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

ஆனால் இப்போது வரும் கட்டுரைகளைப் பாருங்கள்: ‘இது நியாயமா???’ ஆகாரம் கேட்டு முடித்த பிறகு மூன்று குறிகளுக்கு அங்கே என்ன வேலை? ஸ்பானியர் இரண்டு இடுவது வாசிப்பவரின் குரலுக்கு. நாங்கள் மூன்று இடுவது எங்கள் கோபத்துக்கு. கோபத்தை வசனத்தில் காட்டலாம். குறி ஒன்று போதும்.